தோள்வலிக்கும் சேர்த்து நன்றி

என் இரைப்பையில் இருந்த கட்டியை எடுத்து ஆறு வாரம் ஆகிறது. வயிற்றில் நான்கு சின்னத் தழும்புகள், தொப்புளை ஒட்டிக் கொஞ்சம் நீளமாக ஒன்று. பார்க்க வருகிறவர்கள் 'இவ்வளவுதானா?' என்கிறார்கள். இதற்குப் பின்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, என் களைப்பை வயதின் தலையில் கட்டாத டாக்டருக்கு. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றுதான் போனேன். ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கியிருந்தது. "மலம் கறுப்பாகப் போகிறதா?" என்று கேட்டார். உள்ளே ரத்தம் கசிந்தால் அப்படிப் போகுமாம். எனக்கு இரண்டு மாதமாகவே அப்படித்தான். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. தப்பு என்னுடையது. அவர் கேட்டிராவிட்டால் இரும்புச்சத்து மாத்திரையிலேயே காலத்தை ஓட்டியிருப்பேன்.

அடுத்து எண்டோஸ்கோபி டாக்டர். கட்டி முளைத்தது இரைப்பையின் தசைச் சுவரில். அதனால் மேலாகக் கிள்ளி எடுத்த பயாப்சியில் ஒன்றும் தெரியவில்லை. அவர் விடவில்லை. முனையில் அல்ட்ராசவுண்ட் உள்ள எண்டோஸ்கோப்பை இறக்கி, ஊசியால் திசு எடுத்தார். 'ஜிஸ்ட்' என்று முடிவு வந்தது; இரைப்பை, குடல் சுவரில் முளைக்கும் ஒருவகைக் கட்டி. வழக்கமான இரைப்பைப் புற்றுநோய் வேறு, இது வேறு; நிணநீர் முடிச்சுகளுக்கு இது பரவுவது அபூர்வம், உங்கள் இரைப்பை முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சர்ஜனிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "லேப்ராஸ்கோபிதானே டாக்டர், சின்னத் துளைதானே?"

"துளை முக்கியம் இல்லை. கட்டி உடையாமல் வெளியே வரணும். உடைந்தால் வயிற்றுக்குள் சிதறி மறுபடி முளைக்கும். நடுவில் சந்தேகம் வந்தால் வயிற்றைத் திறந்துவிடுவேன், சம்மதமா?"

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் என்ன! ஆனால் தியேட்டருக்குள் போகும்போது அந்தப் பேச்சுதான் துணைக்கு வந்தது. 4 செ.மீ. கட்டியைச் சுற்றியிருந்த நல்ல சுவரில் கொஞ்சத்தையும் சேர்த்து வெட்டிக்கொண்டே தைத்தும் விடுகிற ஸ்டேப்லர் கருவியால் வெட்டி, உள்ளேயே ஒரு பைக்குள் போட்டு, தொப்புள் பக்கமாக முழுசாக எடுத்துவிட்டார்.

அப்புறம் அந்த இரவு நர்ஸ். ஆபரேஷனுக்கு முந்தின நாளே, "உங்களுக்கு வயிற்றைவிடத் தோள்தான் படுத்தும், பயப்படாதீங்க" என்றார். வயிற்றை உப்பவைக்க நிரப்பும் கார்பன் டை ஆக்சைடில் மிச்சம் கொஞ்சம் உள்ளே தங்கி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசையை உறுத்துமாம். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புவதால் வலி தோளில் தெரியுமாம். சொல்லி வைத்தாற்போல் இரவு இரண்டு மணிக்கு வலது தோளைப் பிடுங்கியது. முன்கூட்டியே தெரிந்திராவிட்டால் மாரடைப்பு என்று வார்டையே எழுப்பியிருப்பேன். அவர் வந்து பார்த்து, மருந்து கொடுத்து, கையைப் பிடித்து வராந்தாவில் மெல்ல நடக்கவைத்தார். நாலாவது சுற்றில் சிரித்துவிட்டேன், தையல்தான் சுருக்கென்றது.

நான் பார்க்காத ஒருவரும் உண்டு. நுண்ணோக்கியில் கட்டியின் செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்று எண்ணிப் பார்த்த நோய்க்குறியியல் டாக்டர். வெட்டிய ஓரங்களில் கட்டியின் செல்கள் இல்லை, திரும்பி வரும் ஆபத்து குறைவு என்று எழுதியிருந்தார். அதனால் கட்டி திரும்பாமல் தடுக்கக் கொடுக்கும் இமாடினிப் மாத்திரை வேண்டாம், அவ்வப்போது ஸ்கேன் எடுத்தால் போதும் என்று முடிவானது. முகம் தெரியாத அவருக்கும் கும்பிடு.

அக்காவுக்கு நன்றி சொன்னால் திட்டு விழும். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிடச் சொன்னதைக் கடிகாரம் பார்த்து நடத்துகிறாள். இப்போது நாலாவது வேளை. இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள்.