குடியால் மட்டும் கெட்டவர்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

இரு உலகப் போர்களுக்கு இடையே ஆடிய இங்கிலாந்துக் கால்பந்து வீரர்கள் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, ஓய்வுக்குப் பின் அவர்கள் வறுமையில் விழுந்ததற்குக் குடியும் ஊதாரித்தனமும்தான் காரணம் என்று முடித்திருந்தது. அவர்களுடைய சம்பளக் கணக்கைப் பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

1922 முதல் லீக் (தொழில்முறைக் கிளப்புகளின் போட்டி அமைப்பு) சம்பளத்துக்கு வைத்திருந்த உச்ச வரம்பு இது: ஆட்டப் பருவத்தின் 37 வாரங்களுக்கு வாரம் 8 பவுண்டு, கோடையின் 15 வாரங்களுக்கு வாரம் 6 பவுண்டு. ஆக, ஆண்டுக்கு 386 பவுண்டு. ஆட்டம் வென்றால் 2 பவுண்டும் சமனானால் 1 பவுண்டும் தனி. ஆலைத் தொழிலாளி வாரம் 3 பவுண்டு அளவில் வாங்கிய காலத்தில் இது நல்ல பணம்தான். ஆனால் அது உச்சம். கீழ் டிவிஷன்களில் பலர் அதைத் தொட்டதே இல்லை. தொட்டவர்களுக்கும் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதில் கதை முடிந்துவிடும். 1890ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் பாடு இன்னும் மோசம். முதல் உலகப் போரால் 1915இல் நின்ற லீக் 1919இல்தான் மறுபடி தொடங்கியது. கால் நன்றாக ஓடிய வயது அதற்குள் போய்விட்டது.

ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். பருவம் முடிந்ததும் கிளப் இரண்டு பட்டியல் போடும்: தக்கவைத்துக்கொள்பவர்கள், விலைக்கு விடுபவர்கள். முதல் பட்டியலில் இருப்பவர் குறைந்த சம்பளத்துக்கு ஒப்பவில்லை என்றால் சம்பளமும் இல்லை, லீக்கில் வேறு கிளப்புக்கும் போக முடியாது. இரண்டாம் பட்டியலில் இருப்பவர் தலையில் கிளப் ஒரு விலையைக் கட்டிவிடும். வயதான ஆட்டக்காரருக்கு அந்த விலையை யார் தருவார்கள்? விலை குறையும் வரை அவர் வருமானமின்றிக் காத்திருக்க வேண்டும், அல்லது லீக்குக்கு வெளியே சிறு கிளப்பில் சில்லறைக்கு ஆட வேண்டும். கிளப் கொடுத்த வீட்டில் குடியிருந்தவர் அதையும் காலி செய்ய வேண்டும்.

ஓய்வுக்காலத்துக்குக் கைமுதலாக இருந்தது, நீண்ட சேவைக்காகக் கிளப் தரும் 'பெனிஃபிட்' தொகை மட்டுமே. ஐந்தாண்டு சேவைக்கு அதிகபட்சம் 650 பவுண்டு. இதை உரிமையாகக் கேட்க முடியாது. கிளப் மனம் வைத்தால் உண்டு. அதிலும் வரி. கென்ட் கிரிக்கெட் வீரர் ஜேம்ஸ் சீமோருக்குப் பெனிஃபிட் ஆட்டத்தில் (வசூல் அந்த வீரருக்கே போகும் ஆட்டம்) கிடைத்த 939 பவுண்டு, ரசிகர்கள் அன்பாகத் தந்தது, ஊதியமல்ல என்று, அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1927இல் தீர்ப்பளித்து வரியிலிருந்து விலக்கியது. அதே ஆண்டில் எவர்டன் கிளப் தன் ஆட்டக்காரர் ஹாரிசனுக்குக் கொடுத்த பெனிஃபிட் தொகை வேலைக்கான ஊதியமாகக் கொள்ளப்பட்டு வரி விதிக்கப்பட்டது. கிரிக்கெட்டுக்கு ஒரு நியாயம், கால்பந்துக்கு ஒரு நியாயம்!

மீதிப் பணத்தைக் கொண்டு பலர் எடுத்தது மதுக்கடை. கட்டுரையாளர் குடி என்று கண்டது இதைத்தானோ என்னவோ. கட்டடம் பீர் ஆலைக்குச் சொந்தம், ஆட்டக்காரர் வாடகைதாரர். உள்ளே நுழையும்போதே மேசை, நாற்காலி, கையிருப்புச் சரக்கு எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டு முன்பணம் கட்ட வேண்டும். பெனிஃபிட் பணத்தில் பெரும்பங்கு அங்கேயே கரைந்துவிடும். அதன்பின் பீரை அந்த ஆலையிடம்தான், அவர்கள் சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டும். வெளியே பெயர் இருந்ததால் கடை நிறையும் என்று நம்பினார்கள். சுரங்கமும் பஞ்சாலையும் மூடிக் கிடந்த வடக்கத்தி ஊர்களில், பழைய கோலைப் பற்றிப் பேச வந்தவர்கள் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தால் வாடகை எப்படித் தேறும்?

கடை போய், ஆலை வேலைக்குச் சேர்ந்து, அதையும் இழந்தவர்களுக்கு 1931க்குப் பின் வேலையில்லாதோர் உதவி ஆணுக்கு வாரம் 15 ஷில்லிங் 3 பென்ஸ், மனைவிக்கு 8 ஷில்லிங். பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்பதால், இரண்டும் சேர்ந்தும் ஒன்றேகால் பவுண்டு தேறாது. 26 வாரம் கடந்தால் வீட்டுக்கு வந்து வருமானமும் சேமிப்பும் விசாரிப்பார்கள். வங்கியில் கொஞ்சம் மிச்சம் பிடித்து வைத்தவருக்கு அதுவே வினையாகும்.

முழங்கால் குருத்தெலும்பு கிழிந்து ஆட்டம் முடிந்தவர்களுக்குச் சட்டம் ஓரளவு உதவியது. கிரிஸ்டல் பேலஸ் ஆட்டக்காரர் வாக்கர் தொடுத்த வழக்கில், கால்பந்து வீரரும் தொழிலாளியே, எனவே காயத்துக்கு இழப்பீடு உண்டு என்று 1910 வாக்கில் தீர்ப்பு வந்திருந்தது. ஆனால் 1923 சட்டப்படி இழப்பீட்டின் உச்சம் வாரம் 30 ஷில்லிங். 8 பவுண்டு வாங்கியவருக்கு ஒன்றரைப் பவுண்டு!

குடித்தவர்கள் இல்லையென்று சொல்லவில்லை. 1934இல் திவாலான பிரபல ஆட்டக்காரர் ஹியூகி கல்லாக்கர் குடிப்பவர்தான்; அவரை மூழ்கடித்ததில் மணமுறிவு வழக்குச் செலவுக்கும் பங்குண்டு. ஆனால் அவரை வைத்து ஒரு தலைமுறையையே அளப்பது தவறு.

ஒரு பிழையையும் சுட்ட வேண்டும். 1928இல் கிளப் மாறியபோது ஆட்டக்காரர் டேவிட் ஜாக் 10,890 பவுண்டு வாங்கினார் என்று கட்டுரை சொல்கிறது. அந்தப் பணம் ஆர்சனலிடமிருந்து போல்ட்டன் கிளப்புக்குப் போனது. கையொப்பமிடும் ஆட்டக்காரருக்கு விதி அனுமதித்தது 10 பவுண்டு.

தங்கள் வாசகர்