அச்சாரம் கொடுக்கும் முன் ஆறு மாதத் தீனி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்தால் அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோவில் குதிரைச் சந்தை படத்தோடு பத்திரிகைகளில் வந்துவிடுகிறது. லட்சக்கணக்கில் விலை சொல்லப்படும் மார்வாரி, பால் நிற நொக்ரா, துள்ளி ஆடும் கத்தியவாரி என்று இனம் இனமாகக் குதிரைகள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐம்பதாயிரமோ எண்பதாயிரமோ புரட்டிக்கொண்டு முதல் குதிரை வாங்க வருகிற இளைஞர்களும் அங்கே நிற்கிறார்கள். அந்தப் பணத்தை எங்கே புரட்டலாம், எங்கே புரட்டக் கூடாது என்று யாரும் எழுதுவதில்லை. ஆடியில் வாங்கிய குதிரை தைக்குள் பாதி விலைக்குக் கைமாறினால், அநேகமாக அதன் பின்னால் ஒரு தப்புக் கணக்கு இருக்கும்.

முதல் தப்பு, குதிரையின் விலையை மொத்தச் செலவு என்று நினைப்பது. சுமார் 300 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை ஒன்றை 80,000 ரூபாய்க்குப் பேசி முடித்ததாக வைத்துக்கொள்வோம். வண்டி வாடகையும் தரகும் 8,000. சேணம், கடிவாளம், தலைக்கவசம் 20,000. பத்துக்குப் பத்தடியில் கூரையும் மண் தரையுமாக ஒரு கொட்டகை 25,000. மூன்று மாதத் தீனி, பராமரிப்புக்கு 18,000. அவசரத்துக்கன்றித் தொடக் கூடாத வைத்தியப் பணம் 25,000. கூட்டினால் 1,76,000. குதிரையின் விலை அதில் பாதிகூட வரவில்லை. ஊருக்கு ஊர் தொகை மாறும். இந்த விகிதம் அதிகம் மாறாது.

தீனிக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். குதிரைக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 100க்கு 2 பங்கு உலர் தீவனம் வேண்டும். 300 கிலோவுக்கு 6 கிலோ. பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் 15 கிலோ புல் போட்டாலும் உலர் கணக்கில் மூன்று, மூன்றரை கிலோதான் தேறும். அதனுடன் காய்ந்த புல் 2 கிலோ, ஊறவைத்த அல்லது வேகவைத்த கொள்ளு முக்கால் கிலோ, கோதுமைத் தவிடு அரை கிலோ, உப்பு ஒரு கைப்பிடிக்குக் குறைவாக. புல் கிலோ 4 ரூபாய், காய்ந்த புல் 12, கொள்ளு 70, தவிடு 30 என்று போட்டால் நாளுக்கு 150 ரூபாயைத் தாண்டுகிறது. லாடமும் குளம்பு சீவுவதும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை. மாதக் கணக்கில் 800 ஒதுக்க வேண்டும். குடற்புழு மருந்துக்கும் டெட்டனஸ் தடுப்பூசிக்கும் 300. ஆக மாதம் ஏறத்தாழ 5,650; கொஞ்சம் கைமிச்சம் வைத்து 5,800 என்று கொள்வோம். சொந்தப் புல் இருந்தால் 1,800 குறையும். குதிரை ஓடினாலும் நின்றாலும் இந்தச் செலவு நிற்காது.

ஆகவே பணம் புரட்டத் தொடங்கும் இடம் வங்கியும் அல்ல, அடகுக் கடையும் அல்ல. குதிரை இல்லாமலே ஆறு மாதம் அதற்குத் தீனி போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி 5,800 ரூபாயைத் தனிக் கணக்கில் போடுங்கள். கல்யாணமோ காதுகுத்தோ வந்தாலும் தொடாதீர்கள். மூன்றாம் மாதமே கை வைக்க வேண்டி வந்தால், நிஜக் குதிரைக்கு மூன்றாம் மாதம் என்ன நடந்திருக்கும் என்பது தெரிந்துவிடும். ஆறு மாதம் தாண்டினால் கையில் 34,800. ஒரு வருடம் தாண்டினால் 69,600. கொட்டகை, சேணம், வைத்தியப் பணம் மூன்றும் ஏறத்தாழ அதிலேயே முடிந்துவிடும். மீதிப் பணத்துக்கு மட்டும் வழி தேடினால் போதும்.

இந்தச் சேமிப்புக்கு அஞ்சலகத் தொடர் வைப்பை (ஆர்.டி.) சிலர் தேர்ந்தெடுக்கிறார்கள். பாதுகாப்பானது, வட்டியும் 2023 அக்டோபர் முதல் 6.7 சதவீதம். ஆனால் அது 5 வருடத் திட்டம். 3 வருடத்துக்கு முன் முடிக்க முடியாது. அதன் பிறகு முடித்தாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான். 12 தவணை கட்டியபின் கட்டிய தொகையில் பாதி வரை கடன் எடுக்கலாம், அவ்வளவே. அடுத்த ஆடிக்கே வாங்க நினைப்பவருக்கு வங்கியில் 12 மாதத் தொடர் வைப்பே பொருந்தும். பிள்ளை பள்ளியில் படிக்கும்போதே குதிரை கேட்கிறான் என்றால் அஞ்சலகத் திட்டம் சரி: மாதம் 1,000 கட்டினால் 5 வருடத்தில் 71,000 ரூபாய்க்கு மேல் வரும், அவனுக்கும் ஆசை நிலையானதா என்று தெரிந்துவிடும்.

ஏலச் சீட்டில் பணம் எடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. மாதம் 5,000 வீதம் 20 பேர் சேர்ந்த ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிக்கு முன் எடுத்தே ஆக வேண்டும் என்ற அவசரத்தோடு உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் அதை மோப்பம் பிடித்துவிடுவார். தள்ளுபடி, அதாவது சீட்டை எடுக்க நீங்கள் விட்டுக்கொடுக்கும் தொகை, ஏறி, 70,000 கையில் வாங்கிக்கொண்டு எழுந்திருப்பீர்கள். குதிரைக்காகச் சீட்டு சேர்பவர் பாதிக்கு மேல் மாதங்கள் ஓடியபின், போட்டி தணிந்த மாதத்தில் எடுத்து வைத்துவிட்டுச் சந்தைக்குக் காத்திருக்க வேண்டும். சீட்டு 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று பார்ப்பது முக்கியம். நடத்துபவரின் கமிஷன் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சம் 7 சதவீதம். அதற்கு மேல் பிடித்தால் கேள்வி கேளுங்கள்.

நகைக்கடன் எளிது, அதனாலேயே ஆபத்து. பெரும்பாலும் 12 மாதம் கழித்து அசலும் வட்டியும் ஒரே தவணையில் கட்ட வேண்டிய கடன் அது. மாதாமாதம் யாரும் கேட்காததால் கடன் இருப்பதே மறந்துபோகும். 12ஆம் மாதம் வட்டியை மட்டும் புரட்டித் திருப்பி வைப்பார்கள், அடுத்த வருடம் நகை ஏலத்துக்குப் போகும். வீட்டுப் பெண்களின் நகையை வைத்துக் குதிரை வாங்குவதாக இருந்தால், கடன் எடுத்த மாதத்திலிருந்தே அசலில் 12இல் ஒரு பங்கைக் கட்டிவர வேண்டும். பகுதிப் பணத்தை வாங்க மறுக்கும் இடத்தில் நகையை வைக்க வேண்டாம். நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்குவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000, வருடத்துக்கு 36,000. குதிரை தின்பதில் பாதியை வட்டி தின்றுவிடும். தமிழகத்தில் 2003இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. சந்தை மேட்டில் அது தெரியாத மாதிரி நடந்துகொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

குதிரை வாங்க அரசு மானியம் தருகிறது என்று ஒரு புரளி கிளம்பியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை தேசியக் கால்நடை இயக்கத்தைத் திருத்தி, குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் ஆகியவற்றையும் சேர்த்தது உண்மை. 50 சதவீத முதலீட்டு மானியம், 50 லட்சம் ரூபாய் வரை, என்பதும் உண்மை. ஆனால் அது தொழிலாக நடத்தும் பண்ணைக்கு; திட்ட அறிக்கை வேண்டும், சொந்த முதலீட்டையும் வங்கிக் கடனையும் காட்ட வேண்டும். சவாரிக்கு ஒரு குதிரை வாங்குகிறவருக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அதே திருத்தத்தில் நிஜமாகவே பயன்படும் அம்சம் காப்பீடுதான்: பிரீமியத்தில் வளர்ப்பவரின் பங்கு 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது, மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, குதிரை வீட்டுக்கு வந்த வாரமே பதிவு செய்ய வேண்டும். பாலிசி தொடங்கியதும் சில நாட்கள் வரை நோய்ச் சாவுக்கு இழப்பீடு தர மாட்டார்கள். பயணத்தால் களைத்த குதிரைக்கு நோய் வருவதும் அந்த நாட்களில்தான்.

கைப்பணம் இல்லாதவருக்கு நம் ஊரிலேயே பழைய வழி ஒன்று இருக்கிறது. ஆட்டையும் மாட்டையும் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுகிறோமே, அதே ஏற்பாடு குதிரைக்கும் பொருந்தும். குதிரை வேறொருவருடையது, தீனியும் கவனிப்பும் உங்களுடையது, பெண் குதிரையானால் முதல் குட்டி அவருக்கு, அடுத்தது உங்களுக்கு. சினைக்காலம் 11 மாதம் என்பதையும், குட்டி 6 மாதமாவது தாயோடு இருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இரண்டு பேர் பங்கு போட்டு வாங்குவதும் நல்லதே, ஆனால் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். மாதப் பங்கை எந்தத் தேதிக்குள் தருவது, நள்ளிரவில் வயிற்றுவலி வந்தால் மருத்துவரை அழைக்க யாருக்கு அதிகாரம், ஒருவர் விலகினால் மற்றவருக்கு என்ன விலை என்ற மூன்றும் எழுதாமல் சேர்ந்த பங்காளிகள் குதிரை சாகும் முன்பே பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

மலிவு என்று ஏமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, குட்டி. 30,000 ரூபாய்க்கு 6 மாதக் குட்டி கிடைக்கும். 3 வயதுக்கு முன் அதன் முதுகில் ஆள் ஏறக் கூடாது. 30 மாதம், மாதம் 4,500 வீதம் போட்டாலும் 1,35,000 சேர்ந்து 1,65,000 ஆகிறது. பழக்குகிறவரின் கூலி தனி. அதே பணத்துக்கு 8 வயதான, நன்றாகப் பழகிய குதிரை வாங்கியிருக்கலாம். இன்னொன்று, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை. விலை குறைவாகத் தோன்றும். 450, 500 கிலோ உடம்பு, தீனி ஒன்றரை மடங்கு, மெல்லிய குளம்பு, ஓடுவதற்கென்றே பழக்கிய குணம். புதியவருக்கு வேண்டாம்.

மலிவாக வாங்க நேர்மையான வழியும் உண்டு. உடம்பிலுள்ள மயிர்ச் சுழி சரியில்லை என்று ஒதுக்கப்படும் குதிரை, உடம்பிலும் நடையிலும் குறையில்லாதபோதும் விலை இறங்கித்தான் போகும். சுழி பார்க்காதவருக்கு அது லாபம். விற்கும்போதும் அதே விலைதான் வரும் என்பதை மறக்காமல் இருந்தால் சரி. அடுத்து, சந்தையின் கடைசி நாள். திருப்பிக் கொண்டுபோக வண்டி வாடகை கொடுக்க வேண்டிய வியாபாரி அன்று விலை பேசத் துண்டுக்கடியில் பிடிக்கும் விரல்கள் முதல் நாள் பிடித்தவை அல்ல.

அச்சாரம் 1,000 ரூபாய்க்கு மேல் வேண்டாம், அதுவும் மருத்துவர் பார்த்துச் சரி என்றால்தான் வியாபாரம் என்ற பேச்சோடு. முன்பல் பாருங்கள்: நடுப்பற்கள் இரண்டரை வயதில் மாறும், அடுத்தவை மூன்றரையில், ஓரப்பற்கள் நாலரையில், 5 வயதில் வாய் நிறையும். மேல் ஓரப்பல்லில் நீளவாக்கில் ஒரு பள்ளம் சுமார் 10 வயதில் ஈறருகே தொடங்கி 15இல் பாதிப் பல் வரை இறங்கும். 7 வயது என்று சொல்லும் குதிரைக்குப் பாதிப் பள்ளம் இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம். கெட்டித் தரையில் கயிற்றைத் தளரப் பிடித்து ஓடவிடுங்கள். முன்னங்காலில் நோவு இருந்தால் நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். கீழுதடு தொங்கி, கண் சொருகி, பூனைபோல நிற்கும் குதிரைக்கு மயக்க மருந்து கொடுத்திருக்கலாம். வலி மருந்து கொடுத்தும் நொண்டலை மறைப்பார்கள். மறுநாள் சொல்லாமல் போய் இன்னொருமுறை பார்ப்பதே மருந்து. மூக்கில் சளியோ தோலடியில் வரிசையாக முடிச்சுகளோ இருந்தால் கிளாண்டர்ஸ் நோயாக இருக்கக்கூடும். அது மனிதருக்கும் தொற்றும். 2009 கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய், உறுதியானால் குதிரையைக் கொன்றுதான் ஆக வேண்டும். ரத்தப் பரிசோதனைச் சான்று இல்லாத குதிரை எவ்வளவு மலிவானாலும் மலிவில்லை.

வாங்கியபின் முதல் மாதத்தில் காசைக் கரைப்பது அநேகமாகத் தீனி மாற்றம். விற்பவர் போட்ட அதே தீனியில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை விலைக்கு வாங்கிக்கொண்டு வாருங்கள். 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி, அந்த இரவே வைத்தியப் பணம் காலி. மாடு வளர்த்த வீட்டில் இன்னொரு தப்பு நடக்கும்: கோ-4 நேப்பியர் புல்லை மட்டுமே போடுவது. அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் குதிரைக்குச் சேரவிடாது. தவிட்டில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம் என்பதால் இரண்டும் சேர்ந்தால் மாதக்கணக்கில் எலும்பு இளகி முகம் வீங்கும், நடை கெடும். பாதிக்கு மேல் வேறு புல் வேண்டும், தாது உப்பும் வேண்டும். பச்சைச் சோளத்தட்டு வேண்டாம். கோழித்தீவனம் வாசனைக்குக்கூட வேண்டாம். கோழிக்குக் கலக்கும் சில மருந்துகள் குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும்.

குதிரை கல்யாண ஊர்வலத்தில் தன் தீனியைத் தானே சம்பாதித்துவிடும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடியில் முகூர்த்தம் இல்லை, மார்கழியில் இல்லை. வெடிச் சத்தத்துக்கும் தவிலுக்கும் பழகாத குதிரையை மாப்பிள்ளையோடு அனுப்பினால் வரும் செலவு எந்தக் கணக்கிலும் அடங்காது. முதல் இரண்டு வருடம் வருமானம் பூஜ்யம் என்று எழுதிவிட்டு மீதியைப் போடுங்கள்.

தங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். சந்தைச் செய்தியில் அதிக விலைக் குதிரையின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு மாதத் தீனிச் செலவையும் ஒரு வரியாகப் போடுங்கள். கால்நடைப் பராமரிப்புத் துறை இந்த ஆடிச் சந்தையில் பல் வயது, நடை, ரத்த மாதிரி மூன்றையும் வாங்குபவருக்காகப் பார்க்கும் மேசை ஒன்றைத் தரகர்கள் உட்காரும் வேப்பமரத்தடிக்கு எதிரிலேயே போட வேண்டும். கட்டணம் 500 ரூபாய் வைத்தாலும் வரிசை நிற்கும்.

இப்படிக்கு,
குதிரை வளர்ப்போர் சிலர்,
அந்தியூர் வட்டாரம், ஈரோடு மாவட்டம்.