புழுக்கத்தைப் பற்றி மகளுக்கு

திருகோணமலை
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகளுக்கு,

போன கிழமை போனில் கதைக்கும்போது, "அந்தப் புழுக்கத்துக்குள்ள தனியாக் கிடந்து என்னம்மா செய்யிறீங்கள், இங்க வந்திடுங்கோ" என்றாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும் என்று பிறகுதான் நினைத்தேன். வருவதா இல்லையா என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முதல் இந்தப் புழுக்கத்துக்காக நான் கொஞ்சம் பேச வேண்டும். 30 வருடம் இரசாயனம் படிப்பித்தவள், அதை யாரும் திட்டினால் மனம் பொறுக்காது.

நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு பின்னேரம் பக்கத்து வளவில் வேப்பஞ்சருகைக் கூட்டிக் கொளுத்தினார்கள். புகை நம் கிணற்றடிக்கு மேலால் வந்து, முருங்கையைத் தாண்டி, கடல் பக்கம் திரும்பியது. நீ வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இது எங்கயம்மா போய் முடியும்?" என்று கேட்டாய். "காற்றோட கலந்து போயிடும் பிள்ளை" என்றேன். அது பிழையான பதில். கலந்து போவது வேறு, இல்லாமல் போவது வேறு. 2023 ஜூனில் கியூபெக் காடுகள் எரிந்து உங்கள் ரொறன்ரோ வானம் மங்கிக் கிடந்தபோதும் நீ கிட்டத்தட்ட அதையேதான் கேட்டாய். அன்றைக்கும் நான் ஒழுங்காகச் சொல்லவில்லை. நீ திட்டுகிற இந்தப் புழுக்கத்தில்தான் அதற்குப் பதில் இருக்கிறது.

புகையில் இருக்கிற கரியையும் தூசியையும் மழை இறக்கிவிடும். ஆனால் கூடப் போகிற காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) என்கிற நச்சு வாயு, மெதேன் போன்றவை தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. மழையால் அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பாய். தீக்குச்சி கிழிக்காமல் அடுப்பு பற்றுமா? நாம் வாழும் வெப்பநிலையில் ஒட்சிசன் இந்த வாயுக்களைத் தானாகப் போய்த் தொடாது. தீக்குச்சியின் வேலையைச் செய்வது ஐதரொட்சில் என்கிற மூலிகம். ஒரு ஒட்சிசன் அணு, ஒரு ஐதரசன் அணு, அவ்வளவுதான். தண்ணீர் மூலக்கூறில் ஒரு ஐதரசனைப் பிடுங்கினால் மிஞ்சுவது அது. அந்தக் குறையோடு அது சும்மா இருக்காது, எதிரில் வருகிற வாயுவில் இருந்து பறித்துவிடும். பிறந்து ஒரு செக்கன் ஆகும் முன்பே அதன் கதை முடிந்துவிடும்.

அது பிறப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். நம்மைச் சுற்றியுள்ள காற்றிலும் கொஞ்சம் ஓசோன் இருக்கிறது, மூன்று ஒட்சிசன் அணு சேர்ந்த வாயு. வெயிலில் ஏறத்தாழ 320 நானோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள கழியூதாக் கதிர் அதன்மேல் பட்டால், ஓர் ஒட்சிசன் அணு வழக்கத்தைவிட அதிகச் சக்தியோடு கழன்று வரும். அப்படி வருகிறவற்றில் பெரும்பாலானவை நைதரசனிலோ ஒட்சிசனிலோ முட்டிச் சக்தியை இழந்து அடங்கிவிடும். ஈரம் மிகுந்த காற்றில்கூடப் பத்தில் ஒன்றுதான் ஒரு நீராவி மூலக்கூறைப் போய்ப் பிடிக்கும். பிடித்தால் இரண்டு ஐதரொட்சில். ஆக, ஓசோன் வேண்டும், உச்சி வெயில் வேண்டும், ஈரக்காற்று வேண்டும். இப்போது சொல், வெயிலுக்கும் ஈரத்துக்கும் நம் ஊரில் என்ன குறை?

சித்திரை வருஷம் பிறக்கிற நாட்களில் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். மத்தியானம் முற்றத்தில் உடுப்புக் கொடி கட்டிய கம்பத்தைப் போய்ப் பார்த்தால் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒடுங்கியிருக்கும். மேலே உயரத்தில் இருக்கிற ஓசோன் படையும் வெப்பவலயத்தில் மெல்லியது, அதனால் கழியூதா கூடுதலாக இறங்கும். கொட்டியாரக் குடாவில் இருந்து எழும்புகிற நீராவிதான் நீ சொன்ன புழுக்கம், சட்டையை முதுகோடு ஒட்ட வைக்கிற அந்த ஈரம். உலகத்துக் காற்றைக் கழுவுகிற வேலையில் பெரும்பகுதி இப்படியான வெப்பவலயக் காற்றில்தான் நடக்கிறது மகள். உங்கள் தை மாசியில் வெயிலும் சரிந்து காற்றும் காய்ந்து கிடப்பதால் அந்த வேலை அங்கே மிகவும் மந்தமாகிவிடும். உலகத்தின் வட பாதியில் குளிர்காலம் முழுக்கக் காபனோரொட்சைட்டு சேர்ந்துகொண்டே போய், வெயில் திரும்பிய பிறகுதான் இறங்கும்.

எவ்வளவு ஐதரொட்சில் இருக்கிறது என்று கேட்டால் நம்பமாட்டாய். பெருவிரல் நுனியளவு காற்றில், ஒரு கன சென்ரிமீற்றரில், சராசரியாக 10 இலட்சம். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் 25 இலட்சம் கோடி மூலக்கூறுக்கு ஒன்று என்பதுதான் அதன் அர்த்தம். அதனால்தான் அது நீண்ட காலம் யார் கண்ணிலும் படவில்லை. தரையை ஒட்டிய சாதாரணக் காற்றிலும் இது நடக்கிறது என்று ஹிராம் லெவி என்கிற விஞ்ஞானி 1971இல்தான் எழுதினார். பிறகு அதை அளந்த விதம் எனக்கு இன்னும் ஆச்சரியம். நம் பள்ளிக்கூட ஒஃபீசில் தட்டச்சுப் பிழையை அழிக்க ஒரு வெள்ளைத் திரவம் வைத்திருப்பார்கள், மூடியைத் திறந்தால் ஒரு மணம் வரும், நீகூட மூக்கில் வைத்துப் பார்த்து என்னிடம் ஏச்சு வாங்கினாய். அந்தக் காலத்தில் அப்படியான திரவங்கள் பலவற்றில் மெதைல் குளோரோபோம் கலப்பார்கள். அது முழுக்க மனிதர் செய்தது, எவ்வளவு செய்தார்கள் என்ற கணக்கு இருந்தது, காற்றில் அதை அழிப்பதும் பெரும்பாலும் ஐதரொட்சில்தான். ஓசோன் படையைக் காக்க நாடுகள் செய்த மொன்றியல் உடன்படிக்கையால் அதன் உற்பத்தி நின்றதும், காற்றில் அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்த்தார்கள். சராசரி ஆயுள் 5 வருடம் என்று வந்தது. அதில் இருந்து உலகம் முழுவதற்குமான ஐதரொட்சிலைக் கணக்கிட்டுவிட்டார்கள். ஒரு செக்கன்கூட இருக்காத ஒன்றை, 5 வருடம் கிடந்து தேய்கிற ஒன்றை வைத்து அளந்திருக்கிறார்கள்!

விஞ்ஞானிகள் இதை வளிமண்டலத்தின் சவர்க்காரம் என்பார்கள். எனக்கென்னவோ சுவாலை இல்லாத அடுப்பு என்றுதான் தோன்றும். தம்பலகாமத்தில் தாத்தாவின் வயலில் நீ கால் வைத்தபோது சேற்றுக்குள் இருந்து குமிழி வந்து காலைக் கூசச் செய்யும், நினைவிருக்கிறதா? அதில் மெதேன் இருக்கும். மெதேன் காற்றில் 9, 10 வருடம் இருக்கும். ஐதரொட்சில் அதில் ஒரு ஐதரசனைப் பறித்த பிறகு படிப்படியாக மாறி, போமல்டிகைட்டாகி, காபனோரொட்சைட்டாகி, கடைசியில் காபனீரொட்சைட்டும் தண்ணீருமாகும். நெருப்பில் எரிந்தாலும் அதே முடிவுதான். நீ விமானம் ஏறி இந்த ஆவணியோடு 9 வருடம். அந்த வருடம் வயலில் வெடித்த குமிழிகளின் வாயு உலகமெல்லாம் சுற்றி, உன் வீட்டுக்கு மேலாலும் போய், அதில் பாதிக்கு மேல் இதற்குள் எரிந்து முடிந்திருக்கும். வரம்பில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு வந்துவிடும்.

இந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2020இல் உலகமே வீட்டுக்குள் முடங்கி வாகனங்கள் குறைந்தபோது மெதேன் வழக்கத்தைவிட வேகமாகக் கூடியது. ஒரு காரணம், வாகனப் புகையில் வருகிற நைதரசன் ஒட்சைட்டு, வேலை முடிந்த ஐதரொட்சிலைத் திரும்ப உருவாக்க உதவுகிறது. அது குறைந்ததும் இதுவும் கொஞ்சம் குறைந்தது. அதற்காகப் புகை நல்லது என்று எடுத்துக்கொள்ளாதே. அதே நைதரசன் ஒட்சைட்டு வெயிலில் தரையோடு ஓசோனைக் கூட்டி நெஞ்சையும் நெற்பயிரையும் கெடுக்கும்.

ஐதரொட்சிலால் முடியாதவையும் இருக்கின்றன. காபனீரொட்சைட்டு ஏற்கெனவே எரிந்து முடிந்தது, அதில் இது என்ன செய்ய? குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த குளோரோபுளோரோகாபன்களைத் தொடவே முடியாது, அதனால்தான் அவை மேலே ஓசோன் படை வரைக்கும் போய்ச் சேர்ந்தன. கரித்தூளையும் இதால் எரிக்க முடியாது, மழைதான் இறக்க வேண்டும். 1999 தொடக்கத்தில் மாலைதீவில் இருந்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீரபத்திரன் ராமநாதனும் பால் குருட்சனும் என்கிற இரண்டு வளிமண்டல விஞ்ஞானிகள் முன்னின்று நடத்தியது. வாடைக்காற்றோடு தெற்காசியாவில் இருந்து கடலுக்கு மேல் பரவுகிற கபில நிறப் புகாரை அவர்கள் பார்த்தார்கள். மாசியில் சில காலைகளில் கோணேசர் மலையடியில் நின்று மூதூர்ப் பக்கம் பார்த்தால் கரை தெரியாமல் மங்கிக் கிடக்கும். பனி என்று சொல்வார்கள். எனக்கு அது முழுக்கப் பனிதானா என்று சந்தேகம்.

சரி, வரும் விஷயம். நிரந்தரமாக இப்போது வரமாட்டேன். வைகாசியில் வந்து 3 மாதம் நிற்கிறேன், அங்கேயும் அப்போது வெயில் ஏறியிருக்கும். ரிக்கற் பார்க்கச் சொல்லி மருமகனிடம் சொல்.

அதுவரை எனக்கு ஒரு வேலை செய். மேலே எழுதிய அத்தனையும் திறந்த வெளியில்தான் நடக்கும். ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரை உள்ளே விடாது, அதனால் பூட்டிய வீட்டுக்குள் காபனோரொட்சைட்டு சேர்ந்தால் அதை அழிக்க யாரும் இல்லை. நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்கு எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஹீற்றரைப் போட்டுக்கொண்டு படுக்கிறீர்கள். பேரனின் அறைக்கு வெளியே சுவரில், காபனோரொட்சைட்டு சேர்ந்தால் எச்சரிக்கிற ஒரு வெள்ளைக் கருவி இருக்கிறதே, வீடியோவில் காட்டினாய், அது இடையிடையே கீச்சிடுகிறது என்று சலித்துக்கொண்டாய். அது பெரும்பாலும் பற்றரி முடிகிறதென்று சொல்கிற சத்தம். கழற்றி லாச்சிக்குள் போட்டுவிடாதே. இன்றைக்கே புதுப் பற்றரி வாங்கிப் போடு, புகைபோக்கியையும் ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல். வருகிற ஞாயிறு போன் எடுத்ததும் முதலில் அதைத்தான் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா