அக்காவுக்கு, பாலினஸ்லோ சந்தை கூடும் மாதத்தில்

அன்புள்ள அக்கா,

இதை நம் உறவினர்களும் படிப்பார்கள் என்பதால், எந்தச் சொத்து, எவ்வளவு தொகை என்பதை எழுதவில்லை. என் பங்குக்கு நீ கேட்ட விலை பற்றிய என் முடிவை மட்டும் இறுதியில் சொல்கிறேன்.

அக்டோபர் பிறந்தாலே அயர்லாந்தின் கால்வே கவுண்டியில் கூடும் அந்தப் பாலினஸ்லோ குதிரைச் சந்தையும், சேற்றில் நீ என் கையைப் பிடித்து நடந்ததும் நினைவுக்கு வருகின்றன. நம்மூர்ச் சந்தையில் அப்பா துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசிய விலைகள் நமக்குத் தெரிந்ததே இல்லை. அங்கேயோ எல்லாம் ஊரறிய நடந்தது. வாங்க வந்தவர் உள்ளங்கையில் எச்சில் துப்பிக்கொண்டு கையை நீட்ட, விற்பவர் விலை போதாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். தரகர் ஓடிப்போய் அவரை இழுத்துவந்து, வித்தியாசத்தைப் பாதியாகப் பிரிக்கச் சொல்லி இருவர் கைகளையும் ஓங்கி அறைந்து சேர்த்தார். பணம் கைமாறியதும், விற்றவர் அதில் ஒரு சிறு பங்கை அதிர்ஷ்டக் காசாக வாங்கியவரிடமே திருப்பிக் கொடுத்தார். 1950களிலிருந்து ஏலக்கூடங்கள் பெருகி ஊர்த்தெரு மாட்டுச் சந்தைகள் பெரும்பாலும் மறைந்துவிட்ட நாட்டில், இதை நேரில் கண்டது பேறுதான்.

அருகில் நின்ற முதியவர் நம்மிடம் விடுகதை போட்டார்: நான்கு விறைத்து நிற்கும், நான்கு தொங்கி ஆடும், இரண்டு பார்க்கும், இரண்டு வளைந்திருக்கும், ஒன்று வீசிக்கொண்டே இருக்கும். 1937-38இல் அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய தொகுப்பில் இத்தகையவை ஏராளம். காலும் மடிக்காம்பும் கண்ணும் கொம்பும் வாலும் எனக்கும் புரிந்துவிட்டன. ஆனால் "பசு" என்று நீ முந்திக்கொண்டாய். எந்தப் பேச்சிலும் எனக்கு முறை வர நீ விட்டதில்லை.

உன் அழைப்புகளை எடுக்காததற்கு வருந்துகிறேன். ஆனால் விற்பவர் முகம் திருப்பிப் போவதை அந்தச் சந்தையில் யாரும் அவமரியாதையாகக் கொள்வதில்லை. அதுவும் பேரத்தின் ஒரு படிதான். என்னை இழுத்துவர நம்மிடையே தரகர் யாரும் இல்லாததால் நானே திரும்பி வந்திருக்கிறேன்.

நீ சொன்ன விலைக்கும் நான் சொன்னதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதியாகப் பிரித்தால் வரும் விலைதான் என் முடிவு. அதற்குக் கீழே என் பங்கைத் தரமாட்டேன். சம்மதமென்றால் அதிர்ஷ்டக் காசும் உண்டு. அது எவ்வளவு என்று இங்கே எழுதினால் அதற்கும் பேரம் பேசுவாய்.

உன் தம்பி