சுகமாகும்வரை காத்திருக்காதவர்களுக்கு நன்றி

கர்த்தருக்குள் அன்பான எங்கள் சபையாருக்கும், அண்டி ஆபீஸில் (முந்திரிக்கொட்டை ஆலையில்) என்னோடு வேலை செய்யும் அக்காமார் தங்கச்சிமாருக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் அம்மாவுக்கும் ஸ்தோத்திரம்.

தொழுநோய்க்கான 12 மாத மருந்தையும் சாப்பிட்டு முடித்துவிட்டேன். இந்த நோயின் பெயரைச் சொல்லி, எனக்குத்தான் வந்தது என்று எல்லாரும் பார்க்க எழுத முடிகிறதென்றால், அதற்குக் காரணம் நீங்கள்.

முதல் நன்றி, அண்டி தல்லும்போது, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும்போது, என் பக்கத்தில் இருக்கும் அக்காவுக்கு. அண்டிக் கறை பட்டால் கை பொள்ளும். சாம்பல் தேய்த்துக்கொண்டுதான் உட்காருவோம். என் இடது கை விரலில் தோல் உரிந்து நின்றும் நான் எரிகிறது என்று சொல்லவில்லை என்பதை அவர்தான் கவனித்தார். முழங்கைக்குக் கீழே வெளிறிக் கிடந்த படையையும் பார்த்துவிட்டு, "இது தேமல் இல்ல மக்களே, நாளைக்கே காட்டுவோம், நானும் வாறேன்" என்றார். அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் வந்தார்.

செவிலியர் அம்மா என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் தொட்டார். தொட்ட இடத்தைக் காட்ட வேண்டும். படையின் மேல் தொட்டது எனக்குத் தெரியவே இல்லை. பிறகு டாக்டர் பார்த்து உறுதி செய்தார். மருந்து இலவசம், மாதம் ஒரு அட்டை. மருந்து தொடங்கிவிட்டால் அடுத்தவருக்குப் பரவாது, தட்டையும் தம்ளரையும் தனியாக வைக்க வேண்டாம் என்று என் வீட்டாரை உட்காரவைத்துச் சொன்னீர்களே அம்மா, அதை மறக்கமாட்டேன்.

ஆனால் நோயைவிட வெட்கம்தான் என்னை வாட்டியது. அந்த மாத்திரைகளில் ஒன்று தோலைக் கறுக்கவைக்கும். முகம் கறுத்ததும் பார்ப்பவரெல்லாம் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். கையை முந்தானையில் சுற்றிக்கொண்டே நடந்தேன். உறவுக்காரர் வீடு ஒன்றில் எனக்கு மட்டும் காகிதக் கப்பில் சாயா வந்தது. சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்குப் போவதையும் விட்டுவிட்டேன். எல்லாரும் குடிக்கும் பாத்திரத்தில் என் வாய் படக்கூடாது என்று எனக்கே தோன்றிவிட்டது. குஷ்டரோகி "தீட்டு, தீட்டு" என்று சத்தமிட வேண்டும் என்ற லேவியராகமத்து வசனம்தான் ராப்பகலாய் மனதில் ஓடியது.

எங்கள் போதகரின் மனைவி கொச்சம்மா வீட்டுக்கு வந்து மாற்கு முதலாம் அதிகாரத்தை வாசித்தார். ஓய்வுநாள் பாடசாலையிலிருந்தே கேட்டதுதான். இயேசு ஒரு வார்த்தையில் சுகமாக்கியிருக்கலாம். ஆனால் முதலில் கையை நீட்டி அந்தக் குஷ்டரோகியைத் தொட்டார், பிறகுதான் "சுத்தமாகு" என்றார். சுத்தமாகும்வரை அவர் காத்திருக்கவில்லை. கொச்சம்மா இதைச் சொன்னபோது, படை இருந்த என் கை அவருடைய இரண்டு கைகளுக்குள்ளும் இருந்தது. அடுத்த திருவிருந்தில் எனக்கு அடுத்ததாக முழங்கால்படியிட்டு, நான் குடித்த பாத்திரத்திலேயே குடித்தார். போதகர் ஐயரும் எல்லாருக்கும் தருவதுபோலவே எனக்குத் தந்தார்.

அண்டி ஆபீஸ் தங்கச்சி ஒருத்தி ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கச் சபை); என்னை ஆரல்வாய்மொழி காட்டாடிமலைக்குக் கூட்டிப்போனாள். கிறிஸ்தவரானதற்காகத் தேவசகாயம் பிள்ளையை எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனது அவரை நாணப்படுத்தத்தான். 1752-ல் அந்த மலையில்தான் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அந்த அவமானத்தைத்தான் பெருமையாகச் சொல்லிக் கொண்டாடினார்கள். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), புனிதர்களிடம் வேண்டும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனாலும் மனுஷர் போட்ட அவமானம் ஆண்டவர் முன்னால் செல்லாது என்று அங்கே நின்றபோது எனக்கு உறைத்தது.

பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமாரே, எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் சபை அசனத்துக்குத் தேங்காய் துருவ என்னையும் கூப்பிட்டீர்கள். நான் துருவிய தேங்காய் என்று தெரிந்தே எல்லாரும் சாப்பிட்டீர்கள். அன்றைக்குத்தான் முந்தானையிலிருந்து கையை வெளியே எடுத்தேன்.

தோல் இப்போது மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்கு வருகிறது. இரண்டு விரல்களில் உணர்ச்சி இன்னும் திரும்பவில்லை. அடுப்பிலிருந்து சட்டியைத் துணி பிடித்துத்தான் இறக்குகிறேன். அதற்காக ஜெபியுங்கள்.

உணர்ச்சியில்லாத படை யாருக்காவது இருந்தால் ஒளித்துவைக்க வேண்டாம். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கூட நான் வருகிறேன்.

உங்கள் அன்புச் சகோதரி,
கருங்கல்