எக்ஸ்ரே ரிப்போர்ட் எழுதும் கால்நடை டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்தில் நாய், பூனை, ஆடு, மாடுகளுக்கு எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர்களுக்கு வணக்கம்.

நான் ஏற்காட்டில் வைத்தியம் பார்க்கிறவன். சிறுநீர் அடைத்துத் தவிக்கும் நாயை ஜீப்பில் போட்டுக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி உங்களிடம் வருகிறார்கள் எஸ்டேட்காரர்கள். சாயங்காலம் ரிப்போர்ட் என் வாட்ஸ்அப்புக்கு வருகிறது. ஈரல், மண்ணீரல், குடல், முதுகெலும்பு எல்லாம் நன்றாக இருப்பதாக ஒரு பக்கம். கடைசி வரியில், சிறுநீர்ப்பையில் கல் போன்ற நிழல்கள், 'கிளினிக்கலி கோரிலேட்', அதாவது நோயின் அறிகுறிகளோடு நீங்களே பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

அது முடியாமல்தானே சார் உங்களிடம் அனுப்பினோம்!

கல் பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாயில் இறங்கிவிட்டதா என்பதுதான் என் கேள்வி. ஆண் நாய்க்குக் கல் பெரும்பாலும் ஆண்குறி எலும்புக்குப் பின்னால் போய்ச் சிக்கும். பின்னங்கால்களை முன்னால் இழுத்துப் பிடித்து ஒரு படம் எடுத்தால்தான் அந்த இடம் துலக்கமாகத் தெரியும். இல்லாவிட்டால் கால் எலும்பு மறைத்துவிடும். அந்தப் படம் எடுக்க முடியவில்லை, இருந்த படமும் இடுப்போடு நின்றுவிட்டது என்றால் சரி, அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அங்கே ஒன்றுமில்லை என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார்.

அப்புறம், 'கல் இல்லை' என்று ஒரே போடாகப் போடாதீர்கள். யூரேட், சிஸ்டின் கற்கள் சாதா எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. 'எக்ஸ்ரேயில் தெரியவில்லை, அல்ட்ராசவுண்டும் பார்த்துவிடலாம்' என்று எழுதினால் எனக்கு வழி தெரிந்துவிடும். கல் இருந்தால் எத்தனை, பெரியது எத்தனை மில்லிமீட்டர் என்றும் எழுதுங்கள்.

'இதயம் சற்றுப் பெரியது' என்பதும் இதே கதைதான். முதுகெலும்புக் கணுக்களை வைத்து இதயத்தை அளக்கும் முறை 1995 முதல் இருக்கிறது. நாய்க்குச் சராசரி 9.7 கணு அளவு, இனத்துக்கு இனம் மாறும். எண்ணைப் போட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்து எடுக்கிற படத்தோடு ஒப்பிட்டுக்கொள்வேன். 'சற்று' என்பதை எதோடு ஒப்பிடுவது?

எங்கள் ஆட்களில் சிலர் சீட்டில் 'வயிறு எக்ஸ்ரே' என்று மட்டும் கிறுக்கி அனுப்புகிறார்கள். வயது, தொந்தரவு, கேள்வி எதுவும் இருக்காது. அவர்களுக்குப் போன் போட்டுத் திட்டுங்கள், தப்பே இல்லை. கேள்வி எழுதி வந்த சீட்டுக்கு மட்டுமாவது பதிலை ரிப்போர்ட்டின் தலையில் போட்டு, உறுதியா சந்தேகமா என்று சொல்லிவிடுங்கள். ஈரலும் மண்ணீரலும் கீழே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஏற்காட்டுக் கால்நடை மருத்துவர் ஒருவர்