நீ தின்னாத பல்

திருவிடைமருதூர்,
புரட்டாசி 12.

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். பிள்ளையைச் சுமக்கும் இந்நேரத்தில் பல் துலக்கும்போது இரத்தம் வருகிறது என்றும், அதற்குப் பயந்து ஒரு வாரமாகப் பிரஷ்ஷைத் தொடாமல் விரலால் பற்பசையைத் தடவிக் கொப்பளிப்பதோடு விட்டுவிடுகிறாய் என்றும் நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். பக்கத்தில் உன் அப்பா குறுவை அறுவடைக்கு இயந்திரம் கிடைக்காத கதையைச் சொல்லிக்கொண்டிருந்ததால் நிதானமாகப் பேச முடியவில்லை. தவிர, இதில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய பொய் ஒன்று இருக்கிறது. அதை எழுத்தில் சொல்வதே எனக்கு எளிது.

என் கடைவாய்ப் பல்லை வயிற்றில் இருந்தபோதே நீ தின்றுவிட்டாய் என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். குழந்தை தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தாயின் பல்லிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும் என்று உன் பாட்டி நம்பினார். பள்ளியில் அறிவியல் பாடம் நடத்திய நானும் நம்பினேன் என்பதுதான் வெட்கம். குழந்தைக்குச் சேர்வது நீ உண்ணும் பாலிலும் மோரிலும் முருங்கைக்கீரையிலும் இருப்பது; அது போதாவிட்டால் உன் எலும்பிலிருந்து எடுக்கப்படுமே தவிர, பல்லிலிருந்து அன்று.

நடந்தது வேறு. உன்னைச் சுமந்த ஐந்தாம் மாதத்தில் எனக்கும் ஈறு சிவந்து வீங்கிக் கசிந்தது; நீ இப்போது செய்வதையே நானும் செய்தேன். பிள்ளை பிறக்கும்வரை பல்லில் யாரும் கை வைக்கக் கூடாது என்றார்கள். பிறந்த பின் கைக்குழந்தையோடு கும்பகோணத்துக்கு யார் அலைவது என்று நானே தள்ளிப்போட்டேன். பல்லில் படிந்த அழுக்கு காறையாகக் கெட்டிப்பட்டு, ஈறு இறங்கி, பல்லைப் பிடித்திருந்த எலும்பு கரைந்து, உனக்கு நான்கு வயதானபோது அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள்.

இது உனக்கு மட்டும் வந்ததன்று. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 60 முதல் 75 பேருக்கு ஈறு அழற்சி இருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறுகிறது. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்கள் பெருகுவதால் ஈறுக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது. பல்லின் அடியில் படியும் அழுக்கிலுள்ள கிருமிகளை முன்பு பொறுத்துக்கொண்ட ஈறு இப்போது சிறிதளவுக்கே வீங்கிவிடுகிறது. இரண்டாம் மாதம் தொடங்கி எட்டாம் மாதம் வரை இது ஏறிக்கொண்டே போகும். துலக்குவதை நிறுத்தினால் அந்த அழுக்கு இன்னும் சேர்ந்து இரத்தம் மிகுதியாகுமே ஒழிய நிற்காது. ஆகவே மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும், ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் அழுத்தாமல் துலக்கு. இளஞ்சூடான உப்புநீரில் கொப்பளிப்பது இதமாக இருக்கும். ஆனால் துலக்குவதற்கு அது ஈடாகாது.

மசக்கை இன்னும் விடவில்லை என்றாயே, வாந்தி எடுத்தவுடன் துலக்காதே. வயிற்றின் அமிலம் பட்டுப் பல்லின் மேற்பூச்சு இளகியிருக்கும் நேரம் அது. ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்கு. பற்பசையின் வாசனையே குமட்டினால் வேறொன்றை மாற்றிக்கொள்.

இந்த வாரமே பல் மருத்துவரைப் பார். எந்த மாதத்திலும் போகலாம். மல்லாந்து சாய்ந்திருக்க வசதியாக இருப்பது உனக்கு இப்போது நடக்கும் நடுமாதங்கள்தான். எத்தனையாவது வாரம் என்பதை முதலிலேயே சொல்லிவிடு. காறை எடுப்பதாலோ, தேவைப்பட்டால் மரத்துப்போக ஊசி போடுவதாலோ, காப்புக் கவசத்தோடு எக்ஸ்ரே எடுப்பதாலோ குழந்தைக்குத் தீங்கில்லை. நாற்காலியில் தலை சுற்றினால் இடப்பக்கம் சாய்ந்துகொள். வலி மாத்திரையையோ கிருமிக்கொல்லி மருந்தையோ மட்டும் கடையில் நீயாக வாங்கி விழுங்காதே. டெட்ராசைக்ளின் போன்ற கிருமிக்கொல்லி மருந்து பிறக்கும் குழந்தையின் பல்லில் கறை ஏற்றிவிடும். பல்லிடுக்கில் சிவந்த சிறு கட்டி எழும்பினாலும் புற்றுநோயோ என்று நடுங்காதே; பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானே சுருங்கிவிடும். ஆனாலும் காட்டிவிடு.

ஈறு நோயால் குறைமாதப் பிரசவம் ஆகும் என்று எங்கோ படித்துவிட்டு அழுதாயாம், மாப்பிள்ளை சொன்னார். நோய் முற்றியவர்களிடம் குறைமாதப் பிரசவம் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்வது மெய்தான். ஆயினும் அதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளை வைத்து நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், ஈறுக்குச் செய்த சிகிச்சை குறைமாதப் பிரசவத்தைக் குறைக்கவில்லை. ஆனால் ஈறு தேறியது, தாய்க்கும் சேய்க்கும் அதனால் கேடும் வரவில்லை. உன் பல்லுக்காகப் போ, அது போதும்.

பல்லில் கை வைக்கக் கூடாது என்று உன் மாமியார் தடுத்தால், அவரிடம் நானே பேசுகிறேன்; என் வாயில் இருக்கும் இடைவெளியைக் காட்டினால் அவர் கேட்டுக்கொள்வார். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நீ வரும்போது உனக்குப் பிடித்த புளியோதரை உண்டு. தாம்பூலத் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொள். பாக்கை மெல்ல வேண்டாம்.

மருத்துவர் எந்த நாள் வரச் சொல்கிறார் என்று எழுது.

அன்புடன்,
அம்மா